வேவு விமானத்தின் உள்பக்கம்

போன மாதம் ஆபீஸ் பிள்ளைகள் போன் போட்டார்கள். நான் வேலையை விட்டு வந்த பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடுவது இரண்டு காரணத்துக்குத்தான். பழைய ஃபைல் எதையோ காணோம், இல்லையென்றால் யாருக்கோ கல்யாணம். இந்தத் தடவை இரண்டும் இல்லை. நாங்கள் முதன்முதலாகச் செய்த குட்டி வேவு விமானத்தை இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மறுபடியும் செய்கிறார்களாம். பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்சீட்டுக்கு மேலே கூரைத் துணியின் உள்பக்கத்தில் சிவப்பாக ஒரு கிறுக்கல் தெரிகிறதாம். அழுக்கு மாதிரி இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று இப்போதைய முதலாளி செல்வத்திடம் கேட்டால், பேச்சி அக்காவைக் கேளுங்கள் என்று அவர் எழுந்து போய்விட்டாராம்.

நான் போனிலேயே கத்திவிட்டேன். அப்புறம்தான், பாவம், அதுகளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. பாதிப் பேர் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன், அதுவரைக்கும் எவனும் அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். டுமீல் டுமீல் என்று சுடுகிற விளையாட்டு இல்லை. நிஜ விமானி என்னென்ன சுவிட்சைப் போடுவாரோ அத்தனையும் வரிசையாகப் போட்டு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நிஜமாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஓட்டிப்போய், பத்திரமாகத் தரையிறக்கிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள். விமானத்தில் ஒரு ஆணி இடம் மாறியிருந்தாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர்களுக்கு விமானம் செய்து கொடுக்கிற கம்பெனியில்தான் நான் வேலை பார்த்தேன். கம்பெனி இருந்தது சிவகாசியில், ஒரு ஆப்செட் பிரஸ்ஸின் மாடியில். சிவகாசிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் தங்கச்சி வீட்டுக்காரர் இன்னமும் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த விமானமெல்லாம் பட்டாசுப் பெட்டி மேல் அச்சடித்ததுதான்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் அங்கிருந்துதான் வந்தேன். எங்கள் ஊர் விஸ்வநத்தம். கூடப் படித்த பிள்ளைகள் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்கு வேனில் ஏறியபோது, இவளுக்குக் கை நடுங்காது என்று டிராயிங் டீச்சர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அம்மா என்னைப் பிரஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் நெகட்டிவை விரித்து, ஊசிமுனைப் பிரஷ்ஷால் தூசி, கீறல், புள்ளி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பொட்டு எடுக்கிறது. காலண்டர் குழந்தையின் கன்னத்துச் சிவப்பு, அம்மன் மூக்குத்தியின் பளபளப்பு, வெடிப்பெட்டிப் புலியின் மீசை எல்லாம் என் கை வழியாகப் போனவைதான். பிறகு ஸ்கேனர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. எங்களோடு இருந்த சிலர் மிரண்டுபோனார்கள். எனக்கோ கொண்டாட்டம். தப்பாகப் போட்ட ஒரு கோட்டை ஒரே அமுக்கில் திரும்ப எடுத்துவிடலாம் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்?

பிரஸ்ஸின் பெரிய முதலாளியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எந்த வேலையானாலும் மெஷினில் ஏற்றி முதல் சில தாள்கள் வந்ததும் மிஷின்மேன் அதில் நல்ல தாளாக ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போவார். அதற்கு ஓகே சீட் என்று பெயர். முதலாளி அதை டியூப்லைட்டில் பார்க்க மாட்டார். வாசலுக்கு, வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். முதலில் தலைகீழாகப் பிடிப்பார். படம் கண்ணை மயக்கிவிடுமாம், தலைகீழாகப் பிடித்தால் கலர் மட்டும்தான் தெரியுமாம். அப்புறம் கட்டைவிரலை எச்சில் தொட்டு ஓரத்தில் ஒரு தேய். அப்புறம் பூதக்கண்ணாடி. கடைசியில் தாளைக் கேட்டில் சாத்திவைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போய் நின்று பார்ப்பார். கடையில் சரம் சரமாகப் பெட்டி தொங்கும்போது வாங்க வருகிறவன் அவ்வளவு தூரத்திலிருந்துதானே பார்ப்பான் என்பது அவருடைய நியாயம்.

பிடிக்கவில்லை என்றால் வாயே திறக்க மாட்டார். தாளை மிஷின்மேன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். என்ன கோளாறு என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சில் வெளியே வரும். பெயரின் முதலெழுத்து, அதற்கு நீளமாக ஒரு வால். போட்டுவிட்டு ஒரே வார்த்தை: “ஏத்து.” அந்தக் கையெழுத்து விழாமல் அந்தப் பிரஸ்ஸில் ஒரு தீப்பெட்டி லேபிள்கூட ஓடியதில்லை.

அவர் மகன் செல்வம், சின்ன முதலாளி. மதுரையில் படித்துவிட்டு வந்தவர். அப்பா காலண்டர் ஆர்டர் பிடிக்க அனுப்பினால், போன இடத்திலும் விமானத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிற ஆள். கம்ப்யூட்டர் விமானங்களுக்கு வேறு வேறு வண்ணம் அடித்து இன்டர்நெட்டில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து வண்ணம் அடிக்கிற வேலை வர ஆரம்பித்தது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மாடியில் ஒரு அறை கேட்டார். பெரியவர், விளையாட்டுச் சாமான் செய்யறதுக்கு ஒரு ரூமா என்று முணுமுணுத்தபடி சாவியைக் கொடுத்தார். கீழேயிருந்து இரண்டு பேரை மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டார் செல்வம். ஒருத்தி நான். இன்னொருத்தன் கனிராஜ், பட்டாசுப் பெட்டிகளுக்கு அட்டையை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று கோடு போடுகிறவன். ஏழாயிரம்பண்ணைக்காரன்.

பெட்டிக்கும் விமானத்துக்கும் உள்ள உறவை முதல் நாளே கனி பிடித்துக்கொண்டான். கம்ப்யூட்டருக்குள் விமானத்தின் உருவத்தை முதலில் கம்பிக்கூடு மாதிரி செய்வார்கள். பிறகு அதன் தோலைப் பிரித்துத் தட்டையாகப் பரப்ப வேண்டும். அந்தத் தட்டையின் மேல்தான் நான் வண்ணம் தீட்டுவேன். தீட்டியதை மறுபடியும் மடித்துப் போர்த்தினால் விமானம். கனி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இது பிரிச்சுப் போட்ட பெட்டிதானே என்றான். அவ்வளவுதான். வெளியூரில் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகுமாம். எங்களுக்கு அது பழகிய வேலை. மடிப்பு சேருகிற இடத்தில் வெள்ளைக்கோடு தெரியாமல் இருக்க வெட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் கலரை இழுத்துவிடுவது பிரஸ்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. எங்கள் விமானங்களில் தையல் தெரியாது.

அடுத்தவர் விமானத்துக்கு வண்ணம் அடித்தது போதும், சொந்தமாக ஒன்று செய்வோம் என்று ஒருநாள் செல்வம் சொன்னார். எல்லாரும் பெரிய ஜெட்டும் சண்டை விமானமும் செய்துகொண்டிருந்த நேரம். இவர் தேர்ந்தெடுத்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குட்டி விமானம் ஒன்று. முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், அவ்வளவுதான் இடம். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி வர்ணம் பூசியது. சுற்றிலும் கண்ணாடி. துப்பாக்கி கிடையாது, குண்டு கிடையாது. தாழப் பறந்து எதிரி எங்கே இருக்கிறான், நம் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. காட்டிலும் மேட்டிலும் இறங்கும். நாங்கள் அதற்குத் தட்டான் என்று பெயர் வைத்துவிட்டோம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், கையில் பிடித்துவிடலாம் என்று தோன்ற வைக்கிற சின்ன உடம்பு.

ஆனால் கெடுவும் கூடவே வந்தது. வெளிநாட்டில் இந்த மாதிரி விமானங்களை சிடியில் போட்டு விற்கிற ஒரு கம்பெனி, எங்கள் தட்டானை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அவர்களுடைய சோதனைக்காரர் சரி என்று சொன்னால்தான் எடுப்பார்கள். இங்கே பெரிய முதலாளி கெடு வைத்தார். காலண்டர் சீசன் சூடு பிடிப்பதற்குள் விமானம் விலை போகவில்லை என்றால் மாடி அறையைக் காலி செய்துவிட வேண்டும். காலண்டர் தலையில் தகரத் தகடு அடிக்க அவருக்கு இடம் வேண்டும். செல்வம் ஆர்டர் பிடிக்கப் போக வேண்டும், கனி அட்டைக்குத் திரும்ப வேண்டும், நான் புலி மீசைக்கு.

எனக்கு அது தாங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவன் வரைந்த படத்தில் பொட்டு எடுத்தவள் நான். மாடியில்தான் முதல் தடவையாக, இது எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அதை ருசித்துவிட்டு மறுபடி கீழே இறங்க என்னால் முடியாது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் படி ஏறும்போதெல்லாம் அந்தப் பயம் என் கூடவே ஏறியது.

பயம் இருந்தால் என்ன, வேலையில் நெருப்பாக இருந்தோம். ஏறி இறங்குகிறவர்களின் கைபட்டுக் கதவோரம் வர்ணம் தேய்ந்திருப்பது, எஞ்சினிலிருந்து வயிற்றோரம் வழிந்த ஆயில், சக்கரம் வாரியடித்த சகதி, இறக்கையில் துணிக்கு அடியில் விலா எலும்பு போலத் தெரிகிற சட்டம், எல்லாவற்றையும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். கனி அதைப் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டி, மடித்து, ஒரு முழ நீளத்துக்குத் தட்டான் செய்து மாடி வராண்டாவில் கட்டித் தொங்கவிட்டான். மூன்று பேரும் இறங்கி டீக்கடைக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தோம். பெரியவரைக் கிண்டல் செய்வதாக நினைத்துத்தான் போனோம். ஆனால் அங்கிருந்து பார்த்தபோது அது நிஜமாகவே பறந்து வந்து வராண்டாவில் நின்ற மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே முடிவு கட்டினார்.

அனுப்பினோம். சோதனைக்காரர் கனடாவில் இருக்கிற ஒரு முதியவர். இளம் வயதில் போரில் இதே மாதிரி விமானத்தின் பின்சீட்டில் உட்கார்ந்து வேவு பார்த்தவர். அவருடைய பதில் வந்ததும் செல்வம் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னார். வெளிப்பக்கம் பிரமாதம், இப்படி ஒரு வண்ண வேலையை நான் பார்த்ததில்லை என்று ஆரம்பித்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தேன். அடுத்த வரியில் விழுந்தது அடி. நான் அந்த விமானத்தின் வெளிப்பக்கத்தைப் பார்த்தது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான், மற்ற நேரமெல்லாம் உள்ளேதான் இருந்தேன், அந்த உள்ளே நீங்கள் எனக்குச் சாம்பல் நிற அட்டையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்.

மூன்று பேரும் கம்ப்யூட்டரில் விமானத்தைத் திறந்தோம். உள்ளே போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே சரி. சீட், கம்பிகள், மீட்டர்கள் எல்லாம் இருந்தன. சுவரும் கூரையும் ஒரே சாம்பல். பட்டாசுப் பெட்டி அட்டை எப்படி இருக்கும் என்று சிவகாசியில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முன்பக்கம் வழவழ வெள்ளை, முதுகு சாம்பல். அந்த முதுகில் எவனும் அச்சடிக்க மாட்டான். கனி பெட்டியை மடிக்கிற பழக்கத்தில் உள்பக்கத்துக்கு அந்தச் சாம்பலையே போட்டிருந்தான். அதைவிடக் கூத்து, அத்தனை வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் அது உறுத்தவே இல்லை. எங்களுக்குப் பெட்டியின் உள்பக்கம் சாம்பலாகத்தான் இருக்கும்.

“வேவு பாக்க விமானம் செஞ்சுட்டு, பாக்குறவன் உக்கார்ற எடத்த விட்டுட்டமே” என்றான் கனி. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. கீழே காலண்டர் தாள் ஓட ஆரம்பித்திருந்தது.

உள்ளே என்ன நிறம் என்று கனடாக்காரரைக் கேட்டு எழுதினோம். உள்ளே நிறம் என்று ஒன்றும் இல்லை, வெளிச்சம்தான் இருந்தது என்று பதில் வந்தது. வர்ணம் பூசியிருந்தாலும் துணிதானே, நல்ல வெயிலில் கூரைக்குள் கசியும், சட்டங்களின் நிழல் தெரியும், கிழிந்து ஒட்டுப்போட்ட இடம் மட்டும் இருட்டாகக் கட்டம் கட்டமாக நிற்கும் என்றார். படித்ததுமே எனக்குக் கை பரபரத்தது. உட்கார்ந்து தீட்டினேன். பார்த்தால், மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற காலண்டர் மாதிரி இருந்தது. மறுபடி தீட்டினேன். சாமிக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த வெளிச்சமெல்லாம் அச்சடித்த வெளிச்சம்.  செல்வம் அப்பாவைப் போலவே பார்த்துவிட்டு எழுந்து போனார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் கோபத்தோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே பைண்டிங்குக்கான காடாத்துணியை அலசிக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். வேறு நிழல் இல்லை, துணிக்கு அடியில் குந்தினேன். ஒரு வாய் சாப்பிட்டிருப்பேன். கையிலிருந்த சோற்றின் நிறம் மாறியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். நம் ஊர் வெயில்தான் தெரியுமே, துணி முழுக்க வெளிச்சமாக நின்றது. கொடிக்கயிறு அதில் ஒரு கறுப்புக் கோடு. கரை மடிந்த இடம் இருட்டு. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, மாடியே அதிரும்படி கனியைக் கூப்பிட்டேன்.

வரைந்து பிடிக்க முடியாததைக் கட்டிப் பிடிப்போம் என்று முடிவாயிற்று. கனியிடம்தான் விமானத்தின் அளவெல்லாம் இருக்கிறதே. இறக்கை வேண்டாம், வால் வேண்டாம், இரண்டு பேர் உட்கார்கிற உடம்பு மட்டும் போதும். மூங்கிலைப் பிளந்து முழு அளவில் கூடு கட்டினான். அதை மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவரை ஒட்டி, பலகை அடுக்கித் தூக்கி நிறுத்தினோம். தரையிலிருந்து எழும்பி வருகிற வெளிச்சமும் வேண்டும் என்று செல்வம் பிடிவாதம். காடாத்துணியை இழுத்துப் போர்த்தி, பைண்டிங் மைதா பசையைத் தண்ணியாகக் கரைத்துப் பூசினோம். வெயிலில் காயக் காயத் துணி விறைத்துக்கொண்டு, தட்டினால் மேளம் மாதிரி கேட்டது. மேலே பச்சையும் கறுப்பும் கலந்து மெலிதாக ஒரு பூச்சு. இழுத்த இழுப்பில் ஒரு இடம் கிழிந்து, கனி தலையில் கை வைத்துக்கொண்டான். நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. ஒட்டுப்போட ஒரு கிழிசல் தானாகக் கிடைத்துவிட்டதே.

உச்சிப்பொழுதில் முதல் ஆளாக நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இதை எப்படிச் சொல்வது? கருப்பட்டிக் காப்பியை வெயிலில் வைத்துப் பார்த்த மாதிரி ஒரு நிறம் கூரை முழுக்க. மூங்கில் சட்டங்களின் நிழல் என் கைமேல் வரிவரியாக. ஒட்டுப்போட்ட இடம் சின்னச் சதுரமாக, இருட்டாக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் விமானத்தில் ஏறியதில்லை, அதுவரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த நிமிஷம் நான் ஒரு விமானத்துக்குள் இருந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பெரிய முதலாளி. முட்டிவலி வந்த பிறகு அவர் மாடிக்கு ஏறியதே இல்லை. பைண்டிங்கில் பசையும் காடாத்துணியும் குறைகிறது என்று கேட்டு, யாரோ கையை மேலே காட்டியிருக்கிறார்கள். காலண்டர் சீசனில் காடாத்துணியில் கை வைப்பது என்ன குற்றம் என்று பிரஸ்காரர்களுக்குத் தெரியும். நான் அவசரமாக வெளியே இறங்கினேன். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றோம்.

“என்னலே இது, சப்பரமா?” என்றார் மகனைப் பார்த்து.

“விமானம்ப்பா” என்றார் செல்வம். 

பெரியவர் அதைச் சுற்றி வந்தார். கட்டைவிரலை எச்சில் தொட்டுத் துணியில் தேய்த்துப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். எட்டிப் போய் நின்று பார்க்க மொட்டைமாடியில் இடம் இல்லை. திரும்பி வந்து, இதில் எங்கே உட்கார வேண்டும் என்று என்னைக் கேட்டார். வேவு பார்க்கிறவர் பின்னால்தான் இருப்பார் என்றேன். கனி ஒரு பக்கம், செல்வம் ஒரு பக்கம் பிடிக்க, அந்தப் பெரிய உடம்பு உள்ளே போய் உட்கார்ந்தது. மூங்கில் கிறீச்சிட்டது. ஒடிந்து தொலையக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஓகே சீட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிற மனிதர், வெளிச்சத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கதவு வழியாகக் கீழே பார்த்தார். கைப்பிடிச்சுவரைத் தாண்டி, நேர் கீழே, அவருடைய பிரஸ் முற்றம். லாரியில் காலண்டர் லோடு ஏறிக்கொண்டிருந்தது. லோடுக்கு மேலே ஒருத்தன் கட்டுகளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தகரக் கொட்டகை ஓரம் ஒரு இங்க் டப்பா மூடி இல்லாமல் வெயிலில் இருந்தது. அத்தனை வருஷம் அவர் அந்த முற்றத்தை வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறார். ஒரு சத்தமும் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“ஓகோ. இங்கன இருந்து பாத்தா அம்புட்டும் தெரியுதே” என்றார். “இதுக்குத்தானா இந்த விமானம்?”

ஆமாம்ப்பா என்றார் செல்வம். பெரியவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

“ஏத்தா பேச்சி, இந்த வெளிச்சத்த உன்னால அப்படியே எடுத்துர முடியுமா?”

“முடியும் மொதலாளி.”

“அப்பறம் என்ன” என்றபடி சட்டைப்பையில் கையை விட்டார். சிவப்புப் பென்சில் வெளியே வந்தது. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி, தலைக்கு மேலே, விறைப்பான துணியில், முதலெழுத்தையும் அதற்கு நீளமாக ஒரு வாலையும் போட்டார்.

“ஏத்துங்கலே” என்றார்.

அப்புறம் அவரை வெளியே இறக்கினோம். பாதிப் படி இறங்கியதும், அந்த இங்க் டப்பாவைத் திறந்து வைத்தவன் யார், லோடு மேல் படுத்துக்கிடக்கிறவன் யார் என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. லாரி மேல் இருந்தவன், முதலாளி எங்கிருந்து பார்த்தார் என்று புரியாமல் கடைசிவரை முழித்தான்.

செல்வம் அன்றைக்கே வெயில் சாய்வதற்குள் கூரையை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தார். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, மூங்கில் கணுக்களை அழித்து இரும்புக் குழாயாக்கி, கனியின் அளவுக்குப் பொருத்தி உள்பக்கத்தைத் தைத்தேன். சாம்பல் அட்டை போயிற்று. கடைசியில் மிச்சம் இருந்தது அந்தச் சிவப்புக் கையெழுத்து. போர்க்கால விமானத்தில் தமிழ் எழுத்துக்கு என்ன வேலை, எடுத்துவிடுங்கள் அக்கா என்றார் செல்வம். அவர் சொன்னது நியாயம். பொட்டு எடுப்பதுதானே என் தொழில்? ஒரு நிமிஷ வேலை. மவுஸை அதன்மேல் கொண்டுபோனேன். கை அமுக்க மறுத்தது.

“தம்பி, மொதலாளி கையெழுத்து இல்லாம இந்தப் பிரஸ்ல எது ஓடியிருக்கு?” என்றேன்.

 செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருக்கட்டும்க்கா என்றார். 

அப்படியே அனுப்பினோம். கனடாக்காரரிடமிருந்து பதில் வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த பதிலில், முதல் நாள் நான் எஞ்சினைக் கிளப்பவே இல்லை என்று எழுதியிருந்தார். பின்சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், பிறகுதான் பறந்தேன், உங்கள் விமானம் சரி என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. கனி மேஜையில் தாளம் போட்டான். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. தலைக்கு மேலே சிவப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிற அந்த இன்ஸ்பெக்டர் யார்? என் அப்பா என்று செல்வம் பதில் எழுதினார்.

விஷயத்தைச் சொல்ல மூன்று பேரும் கீழே ஓடினோம். பெரியவர் வாசலில் ஒரு ஓகே சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எட்ட நின்னு பாத்தானா?” என்றார். இல்லையப்பா, உள்ளே இருந்து பார்த்தாராம் என்றார் செல்வம். “சரித்தான்” என்று சொல்லிவிட்டுத் தாளை நேராகத் திருப்பினார். அந்தச் சீசனுக்குத் தகடு அடிக்கிறவர்கள் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார்கள். மாடி அறை எங்களுக்கு இருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ விமானம் செய்தோம். எந்த விமானமானாலும் உள்பக்கத்தில்தான் ஆரம்பித்தோம்.

பெரியவர் போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷம் ஆகிறது. மூங்கில் கூட்டைப் பிரித்த அன்றைக்கு, கையெழுத்து இருந்த துணியை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்து வந்திருந்தேன். உங்கள் போன் வந்த பிறகு பீரோவிலிருந்து எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மைதா பசை அல்லவா, பூச்சி தின்று அங்கங்கே ஓட்டை. வெளியே பூசிய பச்சை உதிர்ந்துவிட்டது. கையெழுத்து வால் உட்பட அப்படியே இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளா, அது அழுக்கு இல்லை. பழைய படத்தில் மங்கலாக இருக்கிறது என்பதுதான் கவலை என்றால் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், துணியைத் தருகிறேன். நல்ல மத்தியான வெயிலில் வாருங்கள். புதுத் தட்டானையும் கொண்டுவாருங்கள், பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவசரப்படுத்தக் கூடாது, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டேன். பிடித்திருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.